உள்ளே வரும்போது எண்ணுகிறார்கள்; வெளியே போகும்போது?

சென்ற பருவத்தின் முடிவில் எங்கள் துறைக்கு ஒரு மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. கடந்த பத்தாண்டுகளில் கணினி அறிவியலில் எம்.டெக்., பி.எச்.டி. முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றார்கள். இப்படிப்பட்ட வேலைகள் எல்லாத் துறைகளிலும் மூத்த ஆய்வாளரின் தலையில்தான் விழும். ‘மூத்த ஆய்வாளர்’ என்பது மரியாதைக்காகச் சொல்வது. இன்னும் முடிக்காமல் இருப்பவர் என்று பொருள். ஆறாம் ஆண்டில் இருக்கும் நான்தான் எங்கள் துறையில் அந்த ஆள்.

பாதிப் பெயர்களுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. ஒருவர் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில், ஒருவர் சியாட்டிலில், ஒருவர் ஜெர்மனியில் முதுமுனைவர் ஆய்வில், இன்னொருவர் புதிய ஐ.ஐ.டி. ஒன்றில் உதவிப் பேராசிரியர். எல்லாம் லிங்க்ட்இனில் புகைப்படத்தோடு இருந்தது. மீதிப் பெயர்களுக்கு மூன்று வாரம் ஆனது. பழைய எண்கள் உபயோகத்தில் இல்லை. மின்னஞ்சல்கள் திரும்பி வந்தன. நண்பரின் நண்பரைப் பிடித்துத்தான் சிலரிடம் பேச முடிந்தது. மூன்றாம் வாரத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இப்படித் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தவர்களில் பலரை எனக்கு ஆய்வகத்தில் பழக்கமில்லை. உதவித்தொகை வராத மாதங்களில், நிர்வாகக் கட்டடத்தில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவு அலுவலகத்தின் வாசலில் பழக்கம்.

அவர்களில் ஓர் அண்ணன் இப்போது ஒரு பொதுத்துறை வங்கியில் ஐ.டி. அதிகாரி. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “தம்பி, அந்த லிஸ்ட்ல என் பேரப் போடாத. போட்டாலும் எடுத்துருவாங்க. முடிச்ச வருஷம்னு ஒரு காலம் இருக்கும்ல, அதுல என்னன்னு எழுதுவ?” அவர் நான்காம் ஆண்டில் ஆய்வை விட்டுப் போனவர். அலுவலகத்தில் கேட்டேன். அவர் சொன்னது சரிதான். முடிக்காதவர் முன்னாள் மாணவர் ஆகமாட்டார், பெயரை நீக்கிவிடுங்கள் என்றார்கள். நீக்கினேன். குழு வந்தது, பட்டியலைப் பார்த்தது, பாராட்டிவிட்டுப் போனது.

அந்தப் பட்டியலில் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் கணினி அறிவியலில் உயர்படிப்பு முடித்தவர் எங்கே போகிறார் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. யார் எந்த வழியில் போனார், யார் பாதியில் இறங்கினார், ஏன் இறங்கினார் என்பது அதில் இல்லை. இது எங்கள் துறையின் குறை மட்டுமல்ல. இந்த நாடு உயர்கல்வியை அளக்கும் முறையே இப்படித்தான் இருக்கிறது.

படிவத்தில் ஒரு கட்டம் இல்லை

ஒன்றிய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். 2016 முதல் வெளிவருகிறது. அதற்காக ஒவ்வொரு நிறுவனமும் சமர்ப்பிக்கும் தரவு பொதுவெளியில் கிடைக்கும். உங்கள் கல்லூரியின் தரவை இன்றே எடுத்துப் பாருங்கள். மாணவர் எண்ணிக்கை அட்டவணையில் ஆண், பெண், மாநிலத்தவர், வெளிமாநிலத்தவர், பொருளாதாரத்தில் பின்தங்கியோர் என்று கட்டங்கள் இருக்கும். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மூன்றையும் சேர்த்து ஒரு கட்டமும் இருக்கும். அப்படியே கீழே வாருங்கள். வேலைவாய்ப்பு அட்டவணையில் வேலை பெற்றவர் எத்தனை பேர், இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்குப் போனவர் எத்தனை பேர் என்று இருக்கும். அதற்கும் கீழே, முனைவர் பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கை. இந்த இரண்டு அட்டவணைகளிலும் சமூகப் பிரிவுக்கான கட்டமே கிடையாது.

நாம் உள்ளே நுழையும்போது நம்மை எண்ணுகிறார்கள். அந்த எண்ணைக் காட்டி மதிப்பெண்ணும் வாங்கிக்கொள்கிறார்கள். வெளியே போகும்போது எண்ணுவதில்லை. அங்கே எல்லோரும் சேர்ந்து ஒரே ஓர் இடைநிலைச் சம்பளம் ஆகிவிடுகிறோம்.

உள்ளே நுழைகிற எண்ணும் பெருமைப்படும்படி இல்லை. கல்வி அமைச்சகத் தரவுப்படி 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.களில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தவர்களில் பட்டியல் சாதியினர் 9.1 விழுக்காடு, பழங்குடியினர் 2.1 விழுக்காடு. சட்டப்படி இருக்க வேண்டியது 15, 7.5. இது எல்லாத் துறைகளையும் சேர்த்த கணக்கு. இவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், பிறகு எங்கே போனார்கள் என்பதை எந்த நிறுவனமும் தானாக முன்வந்து சொல்வதில்லை.

முதலில் போட்ட சாலை

1963 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 கணினி வந்து இறங்கியது. ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய பத்தாண்டு உதவித் திட்டத்தின் பலன் அது. 1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றி, இந்தியப் பொறியாளர்களுக்குக் கதவைத் திறந்தது. 1969-இல் கான்பூரில் எம்.டெக். முடித்த நாராயண மூர்த்தி, 1981-இல் ஆறு பேரோடு சேர்ந்து பத்தாயிரம் ரூபாயில் இன்ஃபோசிஸைத் தொடங்கினார். இந்தக் கதை நமக்கெல்லாம் தன்னம்பிக்கைப் பாடமாகச் சொல்லப்பட்டது. பத்தாயிரம் ரூபாயும் உழைப்பும் இருந்தால் போதும் என்று எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு வந்த ஒவ்வொரு சிறப்பு விருந்தினரும் சொன்னார்.

அவர்கள் சொல்லாமல் விட்ட ஆண்டு ஒன்று இருக்கிறது. ஐ.ஐ.டி. மாணவர் சேர்க்கையில் பட்டியல் சாதி, பழங்குடி இடஒதுக்கீடு 1973-இல்தான் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணினி வந்ததும், அமெரிக்கப் பேராசிரியர்கள் வந்ததும், அமெரிக்காவுக்கு வழி திறந்ததும், முதல் தலைமுறை மாணவர்கள் அங்கே போய் அமர்ந்ததும் நமக்குக் கதவு திறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டன. மூர்த்தியின் உழைப்பை நான் மறுக்கவில்லை. சாலை போட்ட காலத்தில் யாருக்கு அதில் நடக்க அனுமதி இருந்தது என்று கேட்கிறேன்.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. கணினி அறிவியலில் வாழ்க்கைப்பாதை என்பது பெரும்பாலும் ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் கடிதம். வெளிநாட்டில் சேர மூன்று பரிந்துரைக் கடிதம். ஆய்வகத்தில் கோடைகாலப் பயிற்சிக்கு நெறியாளரின் ஒரு தொலைபேசி அழைப்பு. முதுமுனைவர் ஆய்வுக்கு, மாநாட்டின் தேநீர் இடைவேளையில் ஒரு அறிமுகம். பத்தாண்டு முன்னால் கிளம்பியவர்கள் தமக்குப் பின்னால் வந்தவர்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். சாதி எப்படி ‘தகுதி’ என்ற சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதைச் சென்னை ஐ.ஐ.டி.யை முன்வைத்து அஜந்தா சுப்பிரமணியன் ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ நூலில் 2019-இல் விரிவாக எழுதினார். படித்தபோது அதில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது குறைவு. என் தலையில் கோளாறில்லை என்று தெரிந்ததுதான் பெரிது.

நான்கு வாசல்கள்

பட்டியலுக்காக நான் பேசியவர்களை வைத்துப் பார்த்தால், எங்கள் படிப்பிலிருந்து வெளியேற நான்கு வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல் பெருநிறுவன ஆய்வகங்களும் வெளிநாடும். இதற்கான சாவி மாநாட்டுக் கட்டுரை. மற்ற அறிவியல் துறைகளைப் போல இங்கே ஆய்விதழ் முதன்மை அல்ல. பெரிய மாநாடுகளில் கட்டுரை ஏற்கப்பட வேண்டும், நேரில் போய்ப் பேச வேண்டும். மூன்றாம் ஆண்டில் எனக்கு அப்படி ஒன்று ஏற்கப்பட்டது. விமானச் சீட்டு, விசா, விடுதி எல்லாவற்றுக்கும் முதலில் நாம் செலவு செய்ய வேண்டும். திரும்பி வந்து ரசீது கொடுத்தால் பணம் வரும். ஆய்வகத்தில் உடன் படித்தவர் அப்பாவின் கிரெடிட் கார்டில் பத்து நிமிடத்தில் சீட்டுப் போட்டுவிட்டார். “ரீஇம்பர்ஸ் ஆயிடும்ல, ஏன் இவ்வளவு டென்ஷன்?” என்று உண்மையான அக்கறையோடுதான் என்னிடம் கேட்டார். அம்மா மகளிர் குழுவில் ஐம்பதாயிரம் எடுத்தார். மீதிக்குச் சித்தியின் நகை அடகுக் கடைக்குப் போனது. பணம் ஏழு மாதம் கழித்து வந்தது. வட்டிக்கு ரசீது கிடையாது என்பதால் அது வரவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு கட்டுரை தயாரானபோது, உள்நாட்டில் நடக்கும் சிறிய மாநாட்டுக்கு அனுப்பினேன். என் தற்குறிப்பில் அது ‘சற்றுத் தரம் குறைந்த வெளியீடு’ என்று பதிவாகியிருக்கிறது.

இரண்டாம் வாசல் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற ஒன்றிய நிறுவனங்களில் ஆசிரியர் பணி. முதல் வாசலைக் கடந்தவர்களுக்கே இது எளிதில் திறக்கும். வெளிநாட்டில் இரண்டு மூன்று ஆண்டு முதுமுனைவர் ஆய்வு செய்திருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. 2019-ஐ ஒட்டி வெளியான அமைச்சகத் தரவில் 23 ஐ.ஐ.டி.களில் இருந்த 6,043 ஆசிரியர்களில் பட்டியல் சாதியினர் 149, பழங்குடியினர் 21. இரண்டையும் சேர்த்தால் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அதே 2019-இல் ஆசிரியர் பணியிடங்களுக்கான இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதை எப்படி நடைமுறைப்படுத்தலாம் என்று ஆராய அமைக்கப்பட்ட குழு, 2020-இல் ஐ.ஐ.டி.களுக்கு அந்தச் சட்டத்திலிருந்தே விலக்குக் கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. குழுவின் தலைவர் ஓர் ஐ.ஐ.டி. இயக்குநர். தகுதியான விண்ணப்பதாரர்கள் கிடைப்பதில்லை என்பதுதான் எப்போதும் சொல்லப்படும் காரணம். நூற்றுக்கு இரண்டு பழங்குடியினரை மட்டும் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்த்துக்கொண்டு, பத்தாண்டு கழித்து ஆசிரியர் பணிக்கு ஆளே இல்லை என்று கைவிரிப்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாம் வாசல் சுயநிதிப் பொறியியல் கல்லூரி. எனக்கு அது நன்றாகத் தெரியும். 2010-இல் முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகையில் அப்படி ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். படித்து முடித்து, வேறொரு கல்லூரியில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மூன்றாண்டு பாடம் எடுத்தேன். நான் பட்டியலுக்காகப் பேசிய ஓர் அக்கா எங்கள் துறையிலேயே முனைவர் பட்டம் பெற்றவர். இப்போது அப்படியொரு கல்லூரியில் இருக்கிறார். அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் பீரோவில் இருக்கின்றன. பிளஸ் டூ முடிவு வரும் காலத்தில் ஊர் ஊராகப் போய் மாணவர்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் சம்பளம் நிற்கும். “ஆராய்ச்சி பண்றீங்களாக்கா?” என்று கேட்டேன். “அட்மிஷன்தான் ஆராய்ச்சி” என்றார். அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது, ‘உதவிப் பேராசிரியர்’ என்று. ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவருக்கு எதிரிலும் அதே சொல்தான். அவருடைய அடிப்படை ஊதியம் மட்டும் 1,01,500 ரூபாயில் தொடங்கும். அக்கா கையில் வாங்குவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பட்டியலில் இரண்டும் ஒன்றுதான்.

நான்காம் வாசல் அரசுத் தேர்வு. கேட் மதிப்பெண்ணை வைத்து ஆளெடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள், தேசியத் தகவலியல் மையம், வங்கிகளின் ஐ.டி. அதிகாரி பணி, பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணி. எஸ்.சி., எஸ்.டி. ஆய்வாளர்கள் ‘பாதுகாப்பான வேலையைத் தேடி ஓடுகிறார்கள், லட்சியம் போதாது’ என்று பேராசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். லட்சியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நான்கில் இந்த ஒரு வாசலில்தான் இடஒதுக்கீடு கொஞ்சமாவது செல்லுபடியாகிறது. அதனால் அங்கே போகிறார்கள். அதுவும் ஒழுங்காக நடப்பதில்லை. தமிழ்நாட்டில் 1,058 பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணியிடங்களுக்கு 2017 செப்டம்பரில் தேர்வு நடந்தது. கிட்டத்தட்ட இருநூறு பேரின் மதிப்பெண் திருத்தப்பட்டது தெரிந்து, 2018 பிப்ரவரியில் தேர்வே ரத்தானது. மறுதேர்வு 2021 டிசம்பரில்தான் நடந்தது. நான்கு ஆண்டுகள்! அந்த நான்கு ஆண்டுகளில் வீட்டிலிருந்து பணம் வந்தவர்கள் காத்திருந்தார்கள். மற்றவர்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள்.

எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பதை மூளை மட்டும் தீர்மானிப்பதில்லை. கையில் காசில்லாமல் எத்தனை மாதம் தாங்க முடியும், நமக்காக யார் தொலைபேசியை எடுத்துப் பேசுவார் என்ற இரண்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. இரண்டும் இந்த நாட்டில் சாதிவாரியாகப் பங்கு பிரிக்கப்பட்டவை.

முன்னாள் மாணவர் என்ற சொந்தம்

தனியார் நிறுவனங்கள் சாதி பார்ப்பதில்லை என்று இன்னும் நம்புகிறவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயரை மட்டும் மாற்றினார்கள். 2007-இல் முடிவு வெளியானது. அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம், ஆதிக்க சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, இசுலாமியப் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதற்கு முந்தைய ஆண்டுதான், தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டாம், நாங்களே தன்னார்வ நடத்தை விதி வகுத்துக்கொள்கிறோம் என்று தொழில் கூட்டமைப்புகள் அரசிடம் சொல்லியிருந்தன. இன்றுவரை பெரிய ஐ.டி. நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்க்கலாம். தலித்துகள் எத்தனை பேர் என்று பார்க்க முடியாது.

முன்னாள் மாணவர் வலைப்பின்னல் நமக்கு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே இருக்கிறது. 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் இரண்டு பொறியாளர்கள் மீதும் சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பதை, அதே ஐ.ஐ.டி.யில் படித்த மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது மனுவில் இருந்த குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. 2023-இல் தனிநபர்கள் இருவர் மீதான வழக்கை அத்துறையே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. நீதிமன்றத்தில் எது நிற்கும் என்பது வேறு விஷயம். அந்தக் குற்றச்சாட்டைப் படித்த நம்மில் ஒருவருக்குக்கூட அது அதிசயமாகத் தெரியவில்லை. சிலருக்குப் பழைய வகுப்புத் தோழன் கிடைத்தால் வேலை கிடைக்கிறது. நமக்குப் பழைய வகுப்புத் தோழன் கிடைத்தால் ரேங்க் பட்டியல் கூடவே வந்துவிடுகிறது.

இதே பாதையில் நமக்கு முன்னால் நடந்தவர் ஒருவர் உண்டு. 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போன அம்பேத்கர், 1917-இல் ஒப்பந்தப்படி பரோடா அரசுப் பணியில் சேர வந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. தன்னை மறைத்துக்கொண்டு ஒரு பார்சி விடுதியில் தங்கினார். தெரிந்துபோனதும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அந்த மாதம் கொலம்பியா தன் முன்னாள் மாணவர் பட்டியலைத் தயாரித்திருந்தால் அவர் பெயருக்கு எதிரில் ‘பரோடா அரசுப் பணி’ என்று ஒரு வரி இருந்திருக்கும். அதுவும் உண்மைதான்.

எண்ணினால் நமக்கே ஆபத்தா?

இதைப் பேசும்போதெல்லாம் நம் தோழர்களிடமிருந்தே ஒரு கேள்வி வருகிறது. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் நுழைவுத் தேர்வு ரேங்கையும் பிரிவையும் கேட்டு நம்மை வடிகட்டுகின்றன. அதை எதிர்த்துக்கொண்டே, வெளியேறுபவர்களின் சாதியைப் பதிவு செய் என்று எப்படிக் கேட்பது?

நியாயமான கேள்வி. எம்.டெக். இறுதியாண்டில் நானும் அப்படியொரு படிவத்தை நிரப்பியிருக்கிறேன். பிரிவு என்ற கட்டத்தில் பேனா நின்றது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வேலை கொடுப்பவர் வேலை கொடுக்கும் முன்பு ஒரு தனிநபரின் சாதியைக் கேட்பது வடிகட்டல். நிறுவனம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பெயர் இல்லாமல், மொத்தமாக, இத்தனை பேர் சேர்ந்தார்கள், இத்தனை பேர் முடித்தார்கள் என்று சொல்வது கணக்கு. முதலாவதில் அதிகாரம் நம்மைப் பார்க்கிறது. இரண்டாவதில் நாம் அதிகாரத்தைப் பார்க்கிறோம். சக மாணவரின் ஜே.இ.இ. ரேங்கையோ கேட் மதிப்பெண்ணையோ கேட்பது முறையல்ல என்று மும்பை ஐ.ஐ.டி. 2023-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்லது. மாணவருக்குச் சொன்னதை வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனத்துக்கும் எல்லா நிறுவனங்களிலும் சொல்ல வேண்டும்.

சிறிய துறைகளில் ஓரிருவர்தான் இருப்பார்கள், எண்ணைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் சரியான அச்சம்தான். அதற்காகத்தான் ஐந்தாண்டுத் தொகுப்பு என்கிறேன். கணினி அறிவியல் படித்தவர்களுக்குத் தரவை எப்படி அடையாளம் தெரியாமல் தொகுப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் ஆய்வுக் கட்டுரை எழுதியே பதவி உயர்வு வாங்கியவர்கள் நம் துறைகளில் இருக்கிறார்கள்.

என்ன கேட்க வேண்டும்

ஒன்று: ஒன்றிய, மாநில உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்தும் எம்.டெக்., பி.எச்.டி. சேர்ந்தவர், முடித்தவர், எடுத்துக்கொண்ட ஆண்டுகள், பாதியில் விலகியவர், முதல் பணி ஆகியவற்றைச் சமூகப் பிரிவுவாரியாக வெளியிட வேண்டும். என்.ஐ.ஆர்.எஃப். படிவத்தின் மாணவர் எண்ணிக்கை அட்டவணையில் இருக்கும் கட்டம் கடைசி அட்டவணை வரை வர வேண்டும்.

இரண்டு: மாநாட்டுப் பயணத்துக்கு முன்பணம் தர வேண்டும். ரசீதுக்குப் பிறகு பணம் என்பது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்காக எழுதப்பட்ட விதி.

மூன்று: ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளிலிருந்து வாய்மொழித் தேர்வு முடியும்வரை உதவித்தொகை தொடர வேண்டும். ஆய்வேடு மதிப்பீட்டாளரின் மேசையில் மாதக்கணக்கில் கிடக்கிறது. கையில் பட்டம் இல்லை, உதவித்தொகையும் இல்லை என்ற அந்த மாதங்களில்தான் பலர் கிடைத்த வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள்.

நான்கு: விலகுகிற ஒவ்வொரு ஆய்வாளரிடமும், நெறியாளரோ துறையோ அல்லாத ஒருவர் காரணத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்த வங்கி அண்ணனை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. இரண்டு முறை கட்டுரை திரும்பியது, எட்டு மாதம் உதவித்தொகை வரவில்லை, தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது, ஐ.டி. அதிகாரித் தேர்வு எழுதினார், தேறினார். அவர் கோப்பில் ‘சொந்தக் காரணங்கள்’ என்று இரண்டு சொல் இருக்கிறது.

இதற்கெல்லாம் அரசு ஆணை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். என் நிறுவனத்துக்கு நான் அனுப்பிய கேள்விகள் மூன்று: கடந்த பத்தாண்டில் கணினி அறிவியல் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தவர்கள் பிரிவுவாரியாக எத்தனை பேர்? பட்டம் பெற்றவர்கள் பிரிவுவாரியாக எத்தனை பேர்? விலகியவர்கள் பிரிவுவாரியாக எத்தனை பேர், பதிவு செய்யப்பட்ட காரணம் என்ன? நீங்கள் படிக்கும் நிறுவனத்துக்கும் இதையே அனுப்புங்கள். துறைப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆய்வு இன்னும் முடியவில்லை, உங்கள் பெயரில் அனுப்பத் தயக்கமாக இருக்கிறது என்றால் வெளியில் இருக்கும் தோழர் ஒருவரின் பெயரில் அனுப்புங்கள். இந்தியக் குடிமகன் எவரும் கேட்கலாம். வரும் பதில்களை ஒன்று சேர்ப்போம்.

அந்த அண்ணனிடம் இந்தக் கட்டுரையை அனுப்பி, அவரைப் பற்றி எழுதியிருப்பதற்கு அனுமதி கேட்டேன். பெயர் வேண்டாம், மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றார். பிறகு ஒன்று சேர்த்தார். “என்னோட தீசிஸ்ல மூணு சாப்டர் எழுதி முடிச்சது, இன்னும் அந்த லேப் சர்வர்லதான் இருக்கும். யாருக்காவது ஆகும்னா எடுத்துக்கச் சொல்லு.”

நேற்றுப் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. மூன்று அத்தியாயம், 112 பக்கம். எங்கள் துறையின் முன்னாள் மாணவர் பட்டியலில் அவர் இல்லை.